கபூர் நானா கிழித்து வைக்கும் பக்கம்

இன்றைக்கும் பேப்பரில் அந்தப் பக்கத்தைக் காணவில்லை.

விஜயகலா டீச்சரால் பொறுக்க முடியவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு, குருவிட்டவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பிளேன்டீயும் ஒரு குறுக்கெழுத்துப் போட்டியும்தான் அவள் கேட்கும் சுகம். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து பிளேன்டீ மட்டும்தான் கிடைக்கிறது.

தேநீர்க் கடைக்காரர் கபூர் நானாவிடம் கேட்டேவிட்டாள். அவர் மூலை மேசையைக் கண்ணால் காட்டினார்.

அங்கே பழனியாண்டி உட்கார்ந்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். காணாமல் போன பக்கம் அவர் முன்னால் விரிந்து கிடந்தது. பேனா வாயில் இருந்தது.

"பேப்பர் கடைக்கு வர்ற எல்லாருக்கும்தானே நானா?"

"எல்லாருக்கும்தான் டீச்சர். அந்தப் பக்கம் மட்டும் அவருக்கு."

நல்ல நியாயம்தான் என்று டீச்சர் முணுமுணுத்தாள். பழனியாண்டியைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருந்தாள். ஒரு காலத்தில் அவர் விழுந்து கிடக்காத சாக்கடைக் கான் இந்த ஊரில் இல்லையாம்.

"நானா, கர்ணனோட அம்மா யாரு?" என்று மூலையிலிருந்து குரல் வந்தது.

"குந்தி," என்றார் கபூர் நானா, தேநீரை ஆற்றிக்கொண்டே. அதோடு விடவில்லை. பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட கதையையும் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லி முடித்தார்.

டீச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வருஷா வருஷம் தோட்டத்துக் கோயிலில் பாரதக் கூத்துப் பார்க்கிற மனுஷனுக்குக் குந்தி யாரென்று தெரியாதாம். இந்த லட்சணத்தில் குறுக்கெழுத்து வேறு.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு கபூர் நானா பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ரோட்டுக்கு அங்கால பாருங்க டீச்சர்."

பார்த்தாள். சாராயத் தவறணை. அதன் சுவரை ஒட்டினாற்போல் பஸ் நிற்கும் ஹோல்ட்.

பால் வெட்டு வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு இந்த மனிதர் அங்கேதான் கிடப்பார் என்று நானா சொன்னார். ஒருநாள் இவர் ரோட்டைக் கடந்து தவறணைப் பக்கம் போவதைக் கண்டு, மனசு கேட்காமல் கூப்பிட்டு உட்கார வைத்து, கையில் கிடைத்த குறுக்கெழுத்தைக் கொடுத்தாராம்.

"அந்த நாளோட குடி நிண்டிச்சி டீச்சர். இதுக்குள்ள தலைய விட்டார் எண்டா தவறணை மூடுற வரைக்கும் எழும்ப மாட்டார். அவர் கேட்டா நான் விடை செல்லணுமே. அதுக்காக ஒவ்வொரு நாளும் வர்ற விடையெல்லாம் பாத்துப் பாடமாக்கி வெக்கிறன். ஒரு மனிசனத் திருத்தி எடுத்தீக்கிறன், அல்ஹம்துலில்லாஹ்."

நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னார். டீச்சருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படிப்பட்ட காரியத்துக்கா சண்டைக்குப் போனோம் என்று நினைத்தாள்.

அந்த நேரம் பழனியாண்டி எழுந்தார். வாசல்வரை வந்து தவறணையை ஒரு பார்வை பார்த்தார். நானா தேநீர்க் கேத்தலை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். மேலிருந்து கீழ் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறதே, இருங்க, இருங்க என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார். பழனியாண்டியும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம், நானா கடை திறக்காத ஒருநாள், பஸ்ஸில் டீச்சருக்குப் பக்கத்து சீட்டில் பழனியாண்டி. நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"கபூர் நானா உங்கள நல்லா மாத்திட்டாருங்க."

பழனியாண்டி சிரித்தார். தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார்.

"டீச்சர், பேத்தி பொறந்தப்பவே நான் குடிய விட்டுட்டேங்க. அந்த நாத்தத்தோட பிள்ளையத் தூக்க மக விடல. நானா கூப்பிட்டது அதுக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம். அன்னைக்கு நான் பஸ் ஏறத்தான் ரோட்டக் கடந்தேன். ஹோல்ட்ட தவறணைகிட்ட கொண்டுபோய் வச்சிருந்தா நான் என்ன செய்றது?"

டீச்சர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்ப ஏன் போய் உக்காந்தீங்க?"

"அவரு சம்சாரம் தவறுனதிலருந்து மனுசன் வாயே தெறக்கலங்க. டீ குடுப்பாரு, காச வாங்குவாரு, அவ்வளவுதான். கடையப் பூட்டிருவாருன்னுகூட பேசிக்கிட்டாங்க. அன்னைக்குத்தான் மொத மொதல்ல ஒரு ஆளப் பேரு சொல்லிக் கூப்புட்டாரு. அத விட்டுட்டு எப்புடிங்க பஸ் ஏறுறது?"

குறுக்கெழுத்தில் முக்கால்வாசி தனக்கே தெரியும் என்றார். கேட்டால்தான் நானா பேசுவாராம். பேச்சுக் குறைந்தால் எழுந்து தவறணையை ஒருதரம் பார்த்தால் போதுமாம். ஆனால் ஸகாத் என்றால் என்ன, ஹிஜ்ரத் என்றால் என்ன என்ற இஸ்லாமிய விஷயங்களெல்லாம் நிஜமாகவே அவரிடம் கற்றுக்கொண்டதுதான் என்பதையும் மறைக்கவில்லை.

டீச்சருக்கு இந்த மனிதரை நினைத்துப் பெருமையாக இருந்தது, கூடவே ஆற்றாமையாகவும் இருந்தது. ஊர் இன்னும் இவரைத் திருந்திய குடிகாரன் என்றுதானே நினைக்கிறது.

"நடந்தத நானாகிட்ட சொல்லிறலாமேங்க?"

"வேணாங்க டீச்சர். ஒரு குடிகாரனத் திருத்திட்டேன்னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் வாய் ஓயாம சொல்லிக்கிட்டு இருக்காரு. அவரு பேசணும்னா, எனக்கு அந்தப் பேரு இருந்துட்டுப் போகட்டும்."