வெள்ளைப் பக்கம்

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நாள் முழுக்கப் பெட்டி மடித்துவிட்டு வந்த அம்மா, முகம்கூடக் கழுவாமல் கட்டிலில் சாய்ந்தாள். கீழே மகள் வீட்டுப்பாடத்துக்குக் காகிதத்தில் கனசதுரம் செய்துகொண்டிருந்தாள். பக்கத்துக்கு ஒரு நிறம். ஆறு நிறமும் அடித்து முடித்த பிறகு ஒரு பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

"பெட்டின்னா ஆறு பக்கம்தான்டி. தினம் நானூறு மடிக்கிறேன், எனக்குத் தெரியாதா? பிரிச்சுப் பாரு."

பிரித்தாள். ஆறு சதுரம், ஆறு நிறம். திரும்ப மடித்து ஒட்டினாள். வெள்ளைப் பக்கம் அப்படியே இருந்தது.

மகள் தலையைத் தூக்கி அறையை எண்ணினாள். நாலு சுவர், தரை, கூரை.

"அம்மா, நம்ம ரூமுக்கும் ஒரு பக்கம் அதிகமா இருக்கு."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும். நோட்டுல ஆறு பக்கம்னு எழுதிட்டு இந்தப் பக்கம் திரும்பி உக்காரு."