புளியன் கொடுத்த நகல்

ஒரு தயிர்ச் சட்டியில் புளியன் என்றொரு பாக்டீரியா இருந்தான். மருந்துக்கும் சாகாமல் காக்கும் மரபணு ஒன்று அவனிடம் இருந்தது. யார் கேட்டாலும் அதில் ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிடுவான். தனக்கொன்றும் குறையவில்லையே என்று சந்தோஷப்படுவான்.

ஒருநாள் தயிர்ச்சோற்றோடு ஒரு சிறுமியின் வயிற்றுக்குள் போனான். அங்கே காய்ச்சல் கிருமி ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மாத்திரை வரப்போகுது. என்னைக் காப்பாத்துங்க."

"அதுக்கென்ன தம்பி, இந்தா" என்று புளியன் ஒரு நகலை நீட்டினான்.

மாத்திரை வந்தது. கிருமி சாகவில்லை.

மறுநாள் வெளியே ஒரு தாயின் குரல் கேட்டது: "மூணு வேளை மாத்திரை கொடுத்தும் புள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்குதே!"

புளியன் பதறிப்போய்க் கிருமியிடம் ஓடினான். "தம்பி, நான் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துடு."

"எங்கள்ல யார்கிட்டண்ணே கேக்குறீங்க?" என்றது கிருமி.

அதைச் சுற்றி, அதே முகத்தோடு, ஆயிரம் பேர் நின்றிருந்தார்கள்.