திருவேங்கடத்தில் அடித்த கதை

கடைக்குள் போகக் கால் வரவில்லை சுயம்புலிங்கத்துக்கு.

மணி நாலேகால். தீபாவளி மலருக்கு ஐந்து மணிக்குள் கதை மெயிலில் போய்ச் சேர வேண்டும். கையில் நாலு பக்கம். டைப் அடிக்க இந்தக் கடைக்கார ஹெலனை விட்டால் நாதியில்லை. சங்கரன்கோவிலில் மற்ற கடைக்காரர்கள் அவர் கையெழுத்தைப் பார்த்ததும் கரண்ட் இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால், இந்த வாரப் பத்திரிகையில் வந்திருக்கும் அவர் கதையின் நாயகியே ஹெலன்தான்.

பெயரை மட்டும் ஸ்டெல்லா என்று மாற்றியிருந்தார். தடிக் கண்ணாடி, வருகிறவனுக்கெல்லாம் புத்தி சொல்லும் வாய், எல்லாம் அவளேதான். 'அந்த வாய்க்கு வரி போட்டால் ஊருக்கு மேம்பாலமே கட்டிவிடலாம்' என்று வேறு எழுதித் தொலைத்திருந்தார்.

அவளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் பஸ் ஏறித் திருவேங்கடம் போய், பாண்டிராஜ் கடையில் டைப் அடிக்கக் கொடுத்தது. அச்சில் வந்தால் அவளும் படிப்பாளே என்ற புத்தி அப்போது இல்லை.

"உள்ள வாங்க அண்ணாச்சி. வெளிய நின்னா தானா டைப் ஆயிருமா?"

கொடுத்தார். அடித்தாள். ஒரு புத்தியும் சொல்லவில்லை. அவர் கடிகாரத்தையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

நாலு பக்கமும் முடிந்தது. அனுப்பாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"இந்த வாரம் உங்க கதை வந்திருக்கே."

"அது சும்மா. கற்பனை."

"ஸ்டெல்லாவா?"

மணி நாலு ஐம்பத்தைந்து.

"தப்பா எடுத்துக்காதம்மா. இதை மட்டும் அனுப்பிரு. பொறவு எவ்வளவு வேணும்னாலும் ஏசு."

ஹெலன் ஒரு தட்டுத் தட்டினாள். கதை போய்விட்டது.

"ஏச என்ன இருக்கு? பாண்டிராஜுக்கு உங்க எழுத்துல ஒரு வரி ஓடல. போட்டோ எடுத்து எனக்குத்தான் வாட்ஸப்புல அனுப்பினான். அந்தக் கதையையும் நாந்தான் அடிச்சேன்."

சுயம்புலிங்கம் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"உன்னைப் பத்தின்னு தெரிஞ்சும் அப்படியே அடிச்சியா?"

"அப்படியே எங்க? நடுவுல ரெண்டு இடத்துல எனக்குப் பாவம் பாத்து எழுதியிருந்தீய. கதை தொய்யுதேன்னு அதை எடுத்துட்டேன்."