பீடத்து விளக்கு

மாநில எல்லையைத் திருத்தியதில் சத்தியவேட்டுப் பக்கத்து இந்த ஊர் ஆந்திராவுக்குப் போய்விட்டது. மறைமாவட்டமும் மாறியதால் ஊருக்கு இனி வேறு சாமியார். சின்ன மாதா கோயிலின் தரையில் சாயங்கால வெயில் விழுந்து கிடக்கிறது. பழைய சாமியார் பீடத்துப் பேழையைத் திறந்து, ஆண்டவரின் உடலான நற்கருணை அப்பங்களை வெள்ளிச் சிமிழில் எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறார். வெளியே வண்டி காத்திருக்கிறது. பீடத்துக்கு மேலே சங்கிலியில் தொங்குகிறது சிவப்புக் கண்ணாடி விளக்கு. தினமும் அதற்கு எண்ணெய் ஊற்றும் லூர்தம்மா அருகில் நிற்கிறாள். வாசலோரம் பாயில் அவள் புருஷன் இஞ்ஞாசி. கைகால் விழுந்து, பேச்சும் போய், கண்கள் மட்டுமே அவருக்கு மிச்சம். அவை விளக்கை விட்டு நகர்வதில்லை.

"விளக்க அணைச்சுடும்மா," என்கிறார் சாமியார். "பேழையில ஆண்டவர் இருந்தாத்தான் அது எரியணும்."

"அவரு அத்தயே பாத்துக்கினு கீறாரு சாமி. வெளிச்சம் இருந்தா ஆண்டவரு உள்ள கீறாருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதனாலதாம்மா."

"அடுத்த சாமி எப்ப வருவாரு?"

அவர் சிமிழைப் பார்க்கிறார். "தெரியலம்மா."

எண்ணெய் ஊற்ற இறக்குவதுபோலவே லூர்தம்மா விளக்கை இறக்குகிறாள். வாயால் ஊத மனம் வரவில்லை. புருஷனுக்கு முதுகைக் காட்டி, விளக்கை மறைத்து நின்று, திரியை விரலால் எண்ணெய்க்குள் தள்ளுகிறாள். மெல்லிய புகை அவள் முகத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. வண்டி புறப்படும் சத்தம் கேட்கிறது. கோயிலுக்குள் இருட்டிக்கொண்டு வருகிறது. அவள் நகரவில்லை. நகர்ந்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.