பதினோரு வருஷத்து முதல் வரி

மின்மயானத்து ஹாலில், மூன்றாவது வரிசையில், ஒரு கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எழுத்தாளருக்கு அது வந்துவிட்டது.

முழுசாக, முற்றுப்புள்ளியோடு.

முன்னால் பெட்டியில் கிடந்தவர் அவருடைய அக்காள் கணவர். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தவர். முந்தாநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவிய ஈரம் காய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எழுத்தாளர் என்பது குடும்பத்தில் வைத்த பெயர். எல்லோரும் சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் திரும்பிப் பார்ப்பார்.

எழுதியது ஒரே ஒரு நாவல். அடுத்தது எப்போது என்று கேட்டவர்களிடமெல்லாம் ‘கரு உருவாகிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்லிவந்தார். பதினோரு வருஷமாயிற்று. யானைகூட இரண்டு வருஷத்துக்குள் பெற்றுப் போட்டுவிடும்.

முதல் வரி மட்டும் அகப்பட்டால் மிச்சம் தானாக வரும் என்பது அவர் கட்சி. அதற்காக மலைக்குப் போனார், கடலுக்குப் போனார், தாடி வளர்த்தார். சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார். அதில் நல்ல தூக்கம் வந்தது. பதிப்பாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த மாதத்துக்குள் முதல் அத்தியாயம் வராவிட்டால் ‘விரைவில் வெளிவரும்’ பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

இப்போது, கேட்காமலேயே வந்து நிற்கிறது.

‘கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனவர், சாவியை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.’

இதெல்லாம் யோசித்து வருவதில்லை, அருளால் வருவது என்று நினைத்துக்கொண்டார். அடுத்த பேட்டியில் அதை அப்படியே சொல்ல வேண்டும்.

சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. செல்போனை வாசலிலேயே மனைவி வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். போன சாவில் அது பாட்டுப் பாடியிருந்தது.

“பேனா இருக்கா?” என்று கிசுகிசுத்தார்.

“இங்க யாரு உங்ககிட்ட கையெழுத்து கேட்டா? பேசாம உக்காருங்க.”

வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு வரியை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். உதடு நடுங்கியது. அதைப் பார்த்த சித்தப்பா மனம் பொறுக்காமல் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, தோளைத் தட்டிக்கொடுத்து, தன் சர்க்கரை அளவைப் பற்றி ஆறுதலாகப் பேச ஆரம்பித்தார்.

‘சாத்திவிட்டு’ நழுவியது. ‘பூட்டிவிட்டு’ வந்து உட்கார்ந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் நூற்றுத் தொண்ணூறு என்றார் சித்தப்பா. சாவி உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்பதே ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது.

அப்போதுதான் எழுத்தாளருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

“நம்ம எழுத்தாளர் ரெண்டு வார்த்தை பேசட்டுமே” என்று யாரோ சொல்ல, கைத்தாங்கலாக மைக்குக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு குடும்பத்துக்கு நாற்பது நிமிஷம்தான். ஊழியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக நாலு விஷயம் சொல்ல எழுத்தாளருக்கும் ஆசைதான். ஆனால் வேறு எந்த வார்த்தையை எடுத்தாலும் அந்த வரி கொட்டிப்போய்விடும். அதனால் அதையே சொன்னார்.

“கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனவர், சாவியை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.”

பின்வரிசையில் ஒரு விம்மல். கடைத்தெரு ஆட்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். சித்தப்பா சர்க்கரையை மறந்து அழுதார்.

எடுபடுகிறது என்று எழுத்தாளர் குறித்துக்கொண்டு இறங்கினார்.

அக்காள் எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நீ அதை மறக்கலையாடா?”

“எதை, அக்கா?”

“அந்த வரியைத்தான். பூட்டு ரிப்பேர் கடையில உக்காந்துக்கிட்டே நாவல் எழுதப் போறேன்னு, முதல் பக்கத்தை உன்கிட்டதானேடா கொண்டுவந்து காட்டினாரு. நீ சிவப்பு மையில குறுக்கே கோடு போட்டு, ‘இதெல்லாம் ஒரு வரியா மாமா, போய் கடையைப் பாருங்க’ன்னு அனுப்பிட்டே. இன்னிக்கு இத்தனை பேர் முன்னால அதையே எடுத்துச் சொல்லிட்டியே. அவருக்கு இது போதும்டா.”

எழுத்தாளருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. சிவப்புக் கோடும், கோட்டுக்குக் கீழே தான் போட்ட கையெழுத்தும்.

வெட்கப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் பட்டும் பார்த்தார்.

“அதுக்கப்புறம் மாமா எழுதினாரா?”

“விட்டாரா மனுஷன். நானூறு பக்கம். போன மாசம்தான் முடிச்சாரு. யாருக்கும் காட்டலை. மறுபடியும் கோடு போட்டுடுவாங்கன்னு பயம்.”

“நோட்டு இப்ப எங்கக்கா இருக்கு?”

“வேற யாருக்குடா அது வேணும்? அவரோடயே போகட்டும்னு நெஞ்சு மேல வெச்சு மூடிட்டேன்.”

ஊழியர் பொத்தானை அமுக்கினார். பெட்டி நகர்ந்தது.

எழுத்தாளர் “மாமா” என்று அலறிக்கொண்டு ஓடினார். இழுத்துப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அக்காள் கணவருக்காக ஒருவர் இப்படிக் கதறி, இருபது வருஷ சர்வீஸில் அந்த ஊழியர் பார்த்ததே இல்லை.