சோபியாவின் பெயரில்

"டி.சி.யைக் குடுத்துடுங்க டீச்சர். படிச்ச வரைக்கும் போதும்."

சோபியாவின் அம்மா பரிமளா வந்ததிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சசிரேகா டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளஸ் டூ பரீட்சை வாசலில் நிற்கிறது. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண் சோபியா. அவளைப் போய் நிறுத்துவதா?

சோபியா சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் பெயரில் யாரோ இன்ஸ்டாகிராமில் ஐடி தொடங்கியிருந்தார்கள். அவளும் தாய்மாமன் ஆல்வினும் சேர்ந்து நிற்கும் படத்தைப் போட்டு, 'எங்களுக்கு நிச்சயம் ஆயிடுச்சு' என்று எழுதியிருந்தார்கள். வகுப்பே அவளைக் 'கல்யாணப் பொண்ணு' என்று கேலி செய்தது.

"சத்தியமா நான் போடல மிஸ்."

"தெரியும்மா. போட்டவனைத்தான் தேடறேன்."

"யாரோ போட்டுட்டுப் போறாங்க. கேஸு கீஸுன்னு எதுக்கு டீச்சர் பேஜாரு?" என்றாள் பரிமளா.

"இப்படிப் பயந்து பயந்துதான் காலனி ஜனங்க ஏமாந்து போறீங்க!"

காலையில்தான் சசிரேகா வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியிருந்தாள். அடுத்தவர் பெயருக்குப் பின்னால் ஒளிகிறவன் கோழை என்று. சொல்லும்போது அவள் பார்வை தினேஷ்குமார் மேலேயே இருந்தது. ஊரில் பெரிய குடும்பத்துப் பையன். போன மாதம் ஏரியைச் சுத்தம் செய்த முகாமில் அவனும் சோபியாவும் ஒரே மண் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். சசிரேகா அதைப் படமெடுத்து, 'மரியாதை என்பது இதுதான்' என்று பள்ளியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டபோது லைக்குகள் கொட்டின. அதன்பிறகு அவன் சோபியாவின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. குற்றமுள்ள நெஞ்சுதானே அப்படி ஒதுங்கும்?

அவனையும் வரவழைத்திருந்தாள். அவன் போன் மேஜைமேல் இருந்தது.

"நான் இல்ல மிஸ்." அவன் தலையைத் தூக்கவே இல்லை.

"இப்ப பார்த்துடலாம். பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு அமுக்கினா, அந்த ஐடியை ஆரம்பிச்ச நம்பருக்கே மெசேஜ் வரும்."

தன் போனில் அமுக்கினாள். எல்லாரும் மேஜையையே பார்த்தார்கள். தினேஷ்குமாரின் போன் அசையவில்லை.

பரிமளாவின் மஞ்சப்பைக்குள் 'டிங்' என்றது.

"அம்மா... நீயா?"

பரிமளா மகளைப் பார்க்கவில்லை. "என் தம்பிதான் என் நம்பர்ல ஆரம்பிச்சிக் குடுத்தான். நான்தான் போடச் சொன்னேன். இந்தப் பையனோட பெரியப்பா ஆளுங்களை இட்டுக்கினு வந்து வூட்டாண்ட நின்னாரு டீச்சர். 'எங்க பையனோட சேந்து உன் பொண்ணு பேரு இன்னொருவாட்டி அடிபட்டா, அவளை ஏரியிலதான் தேடுவே'ன்னாரு. இவளுக்கு வேற எடத்துல முடிஞ்சிடுச்சின்னு தெரிஞ்சா வுட்டுடுவாங்கன்னு பார்த்தேன்."

தினேஷ்குமார் முகத்தைப் பொத்திக்கொண்டான். சசிரேகா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"எந்தப் பாவி இவங்களைச் சேர்த்துவெச்சு அவர்கிட்ட வத்தி வெச்சான்? சொல்லுங்க, அவனைச் சும்மா விடமாட்டேன்."

"யாரும் சொல்லல டீச்சர். போன்லயே காட்டினாரு" என்றாள் பரிமளா. "ஒரே கூடையைப் புடிச்சிக்கினு ரெண்டும் சிரிக்குதுங்களே... நீங்க போட்ட போட்டோ."