இன்னொரு ஜோடி பூட்ஸ்

"இந்த இன்னொரு ஜோடி யாரோடது?"

அப்பா டிவி திரையில் விரலை வைத்துக் கேட்டார். மகள் ஜப்பானில் எடுத்த படங்களை ஆசை ஆசையாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். தலையில் பனியோடு வெந்நீர் ஊற்றில் கண்மூடிக் கிடந்த குரங்கு, வாலால் மூக்கைப் பொத்தித் தூங்கிய நரி, பிஸ்கட்டுக்காகத் தலை குனிந்து வணக்கம் போட்ட மான் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் விடுதி வாசல் படம் வந்து மாட்டிக்கொண்டது.

வாசலில் இரண்டு ஜோடி பனி பூட்ஸ், நுனி வெளியே பார்க்க ஒழுங்காக நின்றன. சிவப்பு ஜோடி மகளுடையது. பக்கத்தில் நின்ற கறுப்பு ஜோடி அதைவிடப் பெரியது.

அப்பாவுக்கு வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் விசாரணை வேலை. பம்பரில் விழுந்த கீறலைப் போட்டோவில் பார்த்தே, இடித்தது லாரியா மரமா என்று சொல்லிவிடுவார். தன்னிடம் பொய் சொல்லித் தப்பித்தவன் கிடையாது என்று நாலு பேரிடம் அவரே சொல்லிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் சும்மா விடுவாரா?

முந்தின படத்துக்குப் போகச் சொன்னார். தாழ்வான மேசையில் ஆவி பறக்கும் தேநீர், இரண்டு கிண்ணங்களில். அதற்கும் முந்தினதில், மகள் கேமராவோடு பனியில் குப்புறப் படுத்திருந்தாள்.

"நீ குரங்கை எடுக்குற, சரி. உன்னை எடுத்தது யாரு? குரங்கா?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். பூட்ஸ் இரண்டும் வாடகைக்கு எடுத்தவை, கடையில் கிடைத்த அளவைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். தனியாகப் போவதாகச் சொன்னது பொய்தான், துணைக்கு ஒரு ஆள் வந்தது நிஜம்தான் என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டாள்.

"யாரு அவன்?"

"சொல்ல மாட்டேன்ப்பா. கூட வந்த ஆளே வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு."

அப்பாவின் முகம் சிவந்தது. மகளின் கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் போட்டார். பேர் வெளியே வரும்வரை அது பீரோவில்தான் இருக்கும், அடுத்த மாதப் பயணத்தை மறந்துவிடலாம் என்றார்.

அது சும்மா ஊர் சுற்றும் பயணம் இல்லை. பனியில் ஜோடி ஜோடியாக ஆடும் கொக்குகளைப் படம் பிடித்து வர ஒரு பத்திரிகை அவளை அனுப்புகிறது. காட்டிலும் மேட்டிலும் கொசுக்கடி பட்டு, யார் யார் வாசலிலோ தவம் கிடந்து வாங்கிய வாய்ப்பு. இதை விட்டால் இன்னொன்று வராது என்பது அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான் அங்கே கை வைத்தார்.

மகளுக்குக் கண் கலங்கியது. ஆனால் கெஞ்சவில்லை. "பூட்டிக்கோங்க. ஒருத்தரைக் காட்டிக்கொடுத்துட்டுப் போற பயணம் எனக்கு வேண்டாம்."

அப்பா வாசல் பக்கம் திரும்பினார். ஆபீஸிலிருந்து வந்த வேகத்தில் அவர் மூலைக்கொன்றாக உதறிய ஷூக்களை அம்மா குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோபம் இப்போது அந்தப் பக்கம் பாய்ந்தது. மகள் ஆட்டம் போட்ட அதே வாரம் பார்த்து, அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று அவளும் கிளம்பிப் போனாளாம். ஓட்டல் சாப்பாட்டில் இவருக்கு வயிறு கெட்டதுதான் மிச்சமாம். சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்கப் போன் போட்டால், காதில் ஒரே காற்று இரைச்சலாம்.

"பெத்தவதானே, நீயாவது கேளேன்."

அம்மா ஷூக்களை ஜோடி சேர்த்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். கொஞ்ச நாளாக அவளுக்கு இப்படி ஒரு பழக்கம். என்னை வெளியே அனுப்புவதிலேயே குறியாக இருக்கிறாள் என்று அப்பா எத்தனையோ முறை கிண்டல் செய்தாயிற்று. அவள் விடுவதாயில்லை.

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு டிவி முன்னால் வந்து நின்றாள். "அந்தக் குரங்கை இன்னொரு தடவை போடுடி."

"குடும்ப மானமே கப்பலேறுது, உனக்குக் குரங்கு கேக்குதா?"

அம்மா குரங்கை ஆற அமரப் பார்த்தாள். அதன் இமையில் ஒட்டியிருந்த பனித் துணுக்கைக்கூட விடாமல் பார்த்தாள். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. பீரோ சாவியை எடுத்து வரச் சொல்லிக் கத்தினார்.

"இதோ," என்று உள்ளே போனாள் அம்மா. சொன்ன பேச்சைக் கேட்க இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று அப்பா மகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மகள் ரிமோட்டை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அம்மா திரும்பி வந்து சாவியை மேசைமேல் வைத்தாள். வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகனுக்குக் குழந்தை பிறந்தபோது போய்ப் பார்க்க எடுத்திருந்த தன் பாஸ்போர்ட்டை, மகளுடையதன் மேல் வைத்தாள். அப்பாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இதையும் சேர்த்துப் பூட்டுங்க. அந்தக் கறுப்பு பூட்ஸ் என்னோடது."